பிணை நின்றது ஆளா, பீரோவா?

ஊட்டியிலிருந்து கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி முடித்தால் சீகூர் பீடபூமி வருகிறது. அதன் நடுவில் இருக்கிறது மசினகுடி. இருளர், குறும்பர், படகர், கன்னடம் பேசுவோர், மலையாளிகள், மின்நிலைய வேலைக்காகச் சமவெளியிலிருந்து வந்து தங்கிவிட்டவர்கள் என்று பலரும் கலந்து வாழும் ஊர் அது. இப்படி ஓர் ஊரில் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஒரு வீட்டுத் திண்ணையில் இரும்புப் பீரோ வந்து இறங்குகிறது என்றால் அது ஊட்டியிலிருந்தோ கூடலூரிலிருந்தோ வண்டி ஏறி வந்ததாக இருக்கும். பெரும்பாலும் அதன் முழு விலையும் இன்னும் கொடுக்கப்பட்டிருக்காது. பீரோவோடு ஓர் அட்டையும் வரும். தேதி, கட்டிய தொகை, பாக்கி, கையொப்பம் என்று நான்கு கட்டங்கள். வசூலுக்கு வருகிறவர் கேட்டதும் எடுத்துக் கொடுப்பதற்காகச் சாமி படத்துக்குப் பின்னாலோ அரிசி டப்பாவின் அடியிலோ வைக்கப்பட்டு, மஞ்சள் கறையும் எண்ணெய்க் கறையும் படிந்த அட்டை அது. இந்த மலைப் பகுதியில் உழைத்தவர்களின் வரலாற்றில் அந்த அட்டைக்கு நாம் இதுவரை கொடுத்ததைவிடப் பெரிய இடம் உண்டு.

தவணையைப் பற்றி இரண்டு கருத்துகள் எப்போதும் தயாராக இருக்கின்றன. அது ஏழைகளின் ஆசையைத் தூண்டிக் கடனில் தள்ளும் வியாபாரத் தந்திரம் என்பது ஒன்று. கையில் காசில்லாதவர்களையும் நாலு பேரைப் போல வாழவைத்த வரப்பிரசாதம் என்பது மற்றொன்று. இரு தரப்பும் வட்டி எவ்வளவு என்பதை வைத்தே வாதாடுகின்றன. வட்டி முக்கியம்தான். ஆனால் நீலகிரியின் கடன் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால் அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று எழுகிறது. கொடுத்த பணத்துக்குப் பிணையாக நிற்பது எது? வாங்கிய பொருளா, வாங்கிய மனிதரா? பொருள் பிணையாக நின்ற காலத்தில் தவணை மனிதரை நிமிரவைத்தது. மனிதரே பிணையாக நின்ற காலங்களில், வட்டி இல்லாத முன்பணம்கூட அவரைக் கட்டிப்போட்டது.

வீட்டுச் சாமானை முதலில் எடுத்துக்கொண்டு பிறகு ஈடு கொடுக்கும் பழக்கம் இந்த மலைக்கு வெளியிலிருந்து வந்ததல்ல. நீலகிரியின் பழைய குடிகளில் கோத்தர்கள் மட்பாண்டமும் இரும்புக் கருவியும் செய்தார்கள். சடங்குகளுக்கு இசை வாசித்தார்கள். படகர்கள் தானியம் விளைவித்தார்கள். தோடர்கள் எருமை வளர்த்தார்கள். குறும்பர்கள் காட்டுப் பொருள்களைத் தந்தார்கள். 1930-களில் கோத்தர்களிடையே ஆய்வு செய்த அமெரிக்க மானுடவியலாளர் டேவிட் மாண்டல்பாம் இந்தப் பரிமாற்றத்தை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். கோத்தர் குடும்பம் தனக்கென்று உரிய படகர் குடும்பங்களுக்குக் கத்தியும் பானையும் தேவைப்படும்போது கொடுக்கும். அறுவடையில் தானியமாகப் பங்கு பெறும். உறவு தலைமுறை தலைமுறையாகத் தொடரும். இதைச் சமத்துவப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. யார் எங்கே உட்காரலாம், யார் யாரிடம் உண்ணலாம் என்பதில் மேல்கீழ் இருந்தது. ஆனால் கணக்குத் தீர்க்கும் நாள் விளைச்சலைப் பார்த்து அமைந்தது. வானம் பொய்த்தால் பானை செய்தவருக்கும் குறைவுதான். கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே பருவத்தை நம்பி இருந்தார்கள். மாண்டல்பாம் அங்கே இருந்த அதே காலத்தில் அந்தப் பரிமாற்றம் குலைந்துகொண்டிருந்தது. சந்தைப் பாத்திரங்களும் ரொக்கக் கூலியும் மலைமேல் ஏறி வந்துவிட்டன.

ரொக்கக் கூலியோடு சேர்ந்து ஏறியதுதான் முன்பணம். 1877-ல் நீலகிரி மாவட்டத்தோடு இணைக்கப்பட்ட தென்கிழக்கு வயநாட்டில், அதாவது இன்றைய கூடலூர், பந்தலூர் பகுதியில், காப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தவர்கள் மேஸ்திரிகள். சமவெளி கிராமத்தில் ஒரு குடும்பத்தின் கையில் முன்பணத்தை வைத்தால், அது தீரும்வரை அந்தக் குடும்பம் தோட்டத்தில் உழைக்க வேண்டும். 1859-ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டப்படி, முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராவிட்டால் குற்றவாளியாகவே நிறுத்தலாம். பணத்தைத் திருப்பிக் கேட்கும் சிவில் வழக்காக அது முடியவில்லை. சிறைக்குப் போகும் விஷயமாக ஆனது. சென்னை மாகாணம் தோட்ட முதலாளிகளுக்காகவே 1903-ல் தனிச் சட்டமும் இயற்றியது. 1859 சட்டத்தை ரத்து செய்யும் சட்டம் 1925-ல்தான் வந்தது. இலங்கைத் தோட்டங்களில் இதன் இன்னொரு வடிவம் துண்டு முறை. தொழிலாளியின் கடனைக் கட்டினால் அவரை விடுவிப்பதாகத் தோட்டத் துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. கடனோடு சேர்த்து ஆளும் தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாறினார். 1921-ல் அது தடை செய்யப்பட்டது.

இந்தப் பிணைப்பு நடந்த நாளையும் கவனிக்க வேண்டும். வயநாட்டு மானந்தவாடிக்கு அருகே வள்ளியூர்க்காவு கோயிலில் பங்குனியை ஒட்டி நடக்கும் திருவிழாவுக்குப் பணியர் என்னும் பழங்குடியினர் திரளாக வருவார்கள். அங்கேதான் நிலக்காரர்கள் அடுத்த ஓராண்டுக்கு ஆள் பிடித்தார்கள். திருவிழாச் செலவுக்கென்று ஒரு சிறு தொகையும் துணியும் கையில் விழும். மறு திருவிழாவரை அந்தக் குடும்பம் அந்த நிலத்தை விட்டு நகர முடியாது. அந்தப் பணத்துக்கு நிற்புப் பணம் என்றே பெயர். வட்டி கேட்கவில்லை, தவணையும் கேட்கவில்லை, ஆளைக் கேட்டது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்த பிறகே அதற்குச் சட்டத்தின் முன் இடமில்லாமல் போனது. திருவிழாவின் மகிழ்ச்சியே ஓராண்டு அடிமைத்தனத்தின் முன்பணமாக ஆன இந்தப் பின்னணியை மறந்துவிட்டு, பண்டிகைத் தவணையை வெறும் நுகர்வு மோகமாகப் பேசுவது சரியல்ல.

பொருளையே பிணையாக நிறுத்தும் முறை வேறு ஊரில் பிறந்தது. சிங்கர் தையல் இயந்திர நிறுவனத்தின் பங்குதாரர் எட்வர்ட் கிளார்க், 1856-ல் அமெரிக்காவில் ஐந்து டாலர் முன்பணத்தில் மெஷினை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, மீதியை மாதாமாதம் வாங்கும் திட்டத்தைத் தொடங்கினார். சட்டப்படி அது வாடகை. கடைசித் தவணையோடு மெஷின் வாங்கியவருக்குச் சொந்தம். சிங்கர் 1877-ல் கொழும்பில் கடை திறந்தது. இந்தியாவிலும் அந்த நூற்றாண்டிலேயே பரவியது. பெரிய இயந்திரங்களை எதிர்த்த காந்தியும் 1924-ல் சிங்கர் தையல் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. இந்த வாடகைக் கொள்முதலின் சட்ட வடிவத்தை உறுதி செய்தது 1895-ல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை வழங்கிய ஹெல்பி எதிர் மாத்யூஸ் தீர்ப்பு. வழக்குக்குக் காரணம் ஒரு பியானோ. மாதம் பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ், முப்பத்தாறு மாதம் என்று ஒருவர் எடுத்துக்கொண்டு போய், நாலு மாதத்தில் அடகுக் கடையில் வைத்துவிட்டார். அவர் பியானோவை எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம், வாங்கியே தீரவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை, ஆகவே பியானோ இன்னும் கடைக்காரருடையதுதான் என்றது தீர்ப்பு. தீர்ப்பு காப்பாற்றியது கடைக்காரரை. ஆனால் அதன் தர்க்கத்துக்குள் வாங்குகிறவருக்கான ஒரு விடுதலையும் ஒளிந்திருக்கிறது. கடைக்காரரின் பிடி பொருளின்மேல் இருப்பதால், பொருளைத் திருப்பிவிட்டவர்மேல் அந்தப் பிடி இல்லை.

இந்த முறை ஓர் ஊரில் வேர்விட வேண்டுமானால் அங்கே மாதச் சம்பளம் வேண்டும். மசினகுடிப் பக்கம் அதைக் கொண்டுவந்தது தண்ணீர். 1932-ல் பைக்காரா நீர்மின் திட்டம் இயங்கத் தொடங்கியது. மலைமேலிருந்து குழாய் வழியே விழுந்த நீர் சிங்காராவில் மின்சாரமாகிக் கோயம்புத்தூர் ஆலைகளை ஓட்டியது. 1950-களில் மாயாறு மின்நிலையம் சேர்ந்தது. அணையும் சுரங்கமும் மின்நிலையமும் கட்ட வந்தவர்கள், பின்பு அவற்றை இயக்கியவர்கள், தெப்பக்காடு யானை முகாமிலும் முதுமலைக் காட்டிலும் வனத்துறை வேலை பார்த்தவர்கள் என்று, தேதி தவறாமல் சம்பளம் வாங்கும் ஒரு கூட்டம் உருவாயிற்று. அரசு ஊழியருக்குப் பண்டிகை முன்பணமும் கிடைத்தது. வட்டி கிடையாது, பத்துத் தவணைகளில் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். தமிழக அரசு 2025-ல் அந்தத் தொகையை 20,000 ரூபாயாக உயர்த்துவதாக அறிவித்தது. இலங்கைத் தோட்டங்களிலும் தீபாவளி முற்பணம் இன்றுவரை இப்படியே சம்பளத்தில் கழிகிறது. வள்ளியூர்க்காவில் கொடுத்ததும் முன்பணம்தான். இங்கே கொடுப்பதும் முன்பணம்தான். ஆனால் இங்கே பாக்கித் தொகை எவ்வளவு என்பது சம்பளச் சீட்டில் அச்சாகிறது. வேலையை விட்டால் கணக்குத் தீர்த்துக்கொண்டு போகலாம். ஆளைப் பிடித்து நிறுத்த முடியாது. பெயர் ஒன்றானாலும் பிணை வேறு.

சம்பளம் வந்த இடத்துக்குத் தவணைக் கடையும் வந்தது. 1950-களில் சென்னையில் தொடங்கி, கடிகாரம், ரேடியோ, மின்விசிறி என்று வீட்டுச் சாமான்களைத் தவணையில் விற்றுத் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த பெயரானது வி.ஜி. பன்னீர்தாஸ் நிறுவனம். அங்கே வேலை பார்த்துத் தொழில் கற்ற எச். வசந்தகுமார் 1978-ல் வசந்த் அண்ட் கோவைத் தொடங்கினார். இவர்கள் விற்றது சாமானை மட்டுமல்ல, சம்பளக்காரர் சொன்ன நாளில் கட்டுவார் என்ற நம்பிக்கையையும் விற்றார்கள். அதற்கு முன் மாதக் கூலிக்காரரை அப்படி நம்பியவர் வட்டிக்கடைக்காரர் ஒருவர்தான். அவரும் நகையையோ பாத்திரத்தையோ வாங்கி உள்ளே வைத்துக்கொண்ட பிறகே நம்பினார். அடகுக் கடையில் சாமான் வீட்டைவிட்டு வெளியே போனது. தவணைக் கடையில் சாமான் வீட்டுக்குள் வந்தது. பிணைப் பொருள் வாங்கியவர் கையிலேயே இருந்து பயன்படுவதுதான் இதில் புதுமை.

வந்த சாமான் அந்த வீட்டில் என்னவாக இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், குடியிருக்க வீடு கொடுப்பதை முதலாளியின் கடமையாக்கியது. ஆனால் லைன் வீடு எனப்படும் அந்த வரிசை வீடு தோட்டத்துடையது. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். மின்வாரியக் குடியிருப்பும் அப்படியே. காட்டோரப் பழங்குடி ஊர்களிலோ 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வரும்வரை, குடியிருந்த மண்ணுக்கே உரிமை கேட்கச் சரியான வழி இல்லை. நிலமும் சுவரும் தனதல்லாத குடும்பத்துக்கு, தன் பெயரில் இரசீது உள்ள முதல் சொத்து ஒரு கட்டிலோ, தையல் மெஷினோ, பீரோவோதான். லைன் வீட்டின் ஒற்றை அறையில் பூட்டுப் போட்டு மூடக்கூடிய ஒரே இடம் பீரோ. ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ், நூலில் கோத்த தாலிக்குண்டு, சீட்டுப் பணம், கல்யாணப் புடவை எல்லாம் அதற்குள். சாவி பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் இடுப்பில். சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து, அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய தாயகம் திரும்பியோர், தலைமுறைகளின் உழைப்பை ஒரு சில பெட்டிகளில் கட்டிக்கொண்டு கப்பல் ஏறியவர்கள். அவர்களுக்கு, பின்னாளில் அந்த வீடுகளில் சேர்ந்த ஒவ்வொரு சாமானும் இனி இங்கேதான் வாழப்போகிறோம் என்பதற்கான சாட்சி.

இதற்கு எழும் முதல் மறுப்பு, விரலுக்கேற்ற வீக்கம் வேண்டாமா என்பது. பண்டிகைக் கவுரவத்துக்காகத் தகுதிக்கு மீறி வாங்குவதற்கு வரலாற்றுப் பெருமை ஏன் என்று கேட்பார்கள். ஆனால் உழைக்கும் குடும்பத்துக்குத் தீபாவளி செலவின் நாள் மட்டுமல்ல, வரவின் நாளும் அதுதான். 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்று வகுத்த போனஸ் தோட்டங்களில் கைக்கு வருவது தீபாவளியை ஒட்டி. ஆண்டில் ஒரே முறை மொத்தமாகப் பார்க்கும் பணம் அது. முன்தொகை கட்ட அதைவிட நல்ல நாள் இல்லை. மீதியை வாரக் கூலி தாங்கும். விவசாயி அறுவடைக்குப் பின் கல்யாணம் வைப்பதை நாம் ஆடம்பரம் என்று சொல்வதில்லை. அதைப் போன்ற கணக்குதான் இதுவும். இரண்டாவது மறுப்பு, சீட்டுப் போட்டுச் சேர்த்த பிறகு வாங்கலாமே என்பது. தீபாவளிச் சீட்டும் பாத்திரச் சீட்டும் நம் பெண்கள் உருவாக்கிக் காத்த பெரிய அமைப்பு, அதை மதிக்கிறேன். ஆனால் சீட்டில் முதலில் பணம் போகிறது, பிறகே பொருள் வருகிறது. இடையில் சீட்டு பிடிப்பவர் ஓடிவிட்டால் நட்டம் முழுக்கக் கட்டியவருக்கு. 1961-ல் தமிழ்நாடும் 1982-ல் மத்திய அரசும் சீட்டு நிதிச் சட்டம் கொண்டுவர நேர்ந்ததற்குக் காரணம் அதுதான். தவணையில் இடர் இடம் மாறுகிறது. பொருள் வீட்டில் இருக்கிறது. ஓடிவிடுவாரோ என்ற கவலை விற்றவருக்கு.

மூன்றாவது மறுப்புக்கு மட்டும் தலை வணங்கியே பதில் சொல்ல வேண்டும். தவணை அதன் உண்மையான விலையை மறைக்கிறது. 10,000 ரூபாய்ச் சாமானை மாதம் 1,000 வீதம் பன்னிரண்டு மாதம் கட்டினால் கூடுதல் 2,000 ரூபாய்; இருபது சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் மாதத்திலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், உண்மையில் வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 35 சதவீதம். வட்டியே இல்லை என்ற விளம்பரங்களும் அந்தச் செலவைச் செயலாக்கக் கட்டணமாகவோ, தராமல் விட்ட தள்ளுபடியாகவோ ஒளித்துவைக்கின்றன. 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இதைச் சுட்டிக்காட்டி, இத்தகைய பூஜ்ய வட்டித் திட்டங்களை வங்கிகள் நடத்தக் கூடாது என்றது. ஆகவே தவணை தானாகவே நல்லது என்று நான் வாதிடவில்லை. பொருளே பிணை என்ற அதன் மூல நியாயம் காப்பாற்றப்படும்வரைதான் அது நல்லது. அந்த நியாயத்தைச் சட்டம்தான் காக்க வேண்டும். இங்கிலாந்தில் 1938-ல் எலன் வில்கின்சன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த சட்டம், மூன்றில் ஒரு பங்கு கட்டிய பிறகு நீதிமன்ற உத்தரவில்லாமல் சாமானைத் தூக்கிச் செல்லக் கூடாது என்றது. நம் நாடாளுமன்றமும் 1972-ல் வாடகைக் கொள்முதல் சட்டம் இயற்றியது. பதினான்கு நாள் முன்னறிவிப்போடு பொருளைத் திருப்பி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் உரிமையும், குறிப்பிட்ட பங்கு கட்டியவரின் பொருளை நீதிமன்றம் போகாமல் பறிக்க முடியாத பாதுகாப்பும் அதில் இருந்தன. அந்தச் சட்டம் ஒருநாளும் நடைமுறைக்கு வரவில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகள் ஏட்டிலேயே கிடந்து 2005-ல் ரத்தானது.

அந்தக் காவல் இல்லாத இடத்தில்தான் இன்றைய ஈ.எம்.ஐ. வந்து நிற்கிறது. கடன் கொடுப்பது கடைக்காரர் அல்ல. எங்கோ இருக்கும் நிதி நிறுவனம். அதற்குப் பழைய கட்டிலும் பீரோவும் வேண்டாம். தூக்கிச் செல்லும் வண்டி வாடகைக்குக்கூடத் தேறாது. அதனால் பிடி மறுபடியும் ஆள்மேல் விழுகிறது. வங்கிக் கணக்கில் தானாகக் கழியும் தொகை, ஒரு மாதம் தவறினாலும் கடன் தகுதி மதிப்பெண்ணில் விழும் கறை, உறவினர் எண்களுக்கெல்லாம் போகும் அழைப்பு, வாசலில் நின்று போடும் சத்தம் எல்லாம் அந்தப் பிடியின் விரல்கள். மாதச் சம்பளக்காரர் இதைச் சமாளிப்பார். மசினகுடியில் இன்று பலருடைய வருமானம் அப்படிப்பட்டதல்ல. ஜீப் ஓட்டுவது, விடுதியில் சமைப்பது, மாடு மேய்த்துச் சாணத்தைக் கேரளத்துக்கு விற்பது எல்லாமே பருவத்தை நம்பிய பிழைப்பு. 2018-ல் யானை வழித்தட வழக்கில் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி விடுதிகள் பலவற்றுக்கு முத்திரை வைக்கப்பட்டது. 2020-ல் ஊரடங்கு வந்தது. யானைக்கு வழி வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வேலை நின்ற அந்த மாதங்களிலும் தவணைத் தேதி நிற்கவில்லை. ஊரடங்கில் ரிசர்வ் வங்கி கொடுத்த ஆறு மாதத் தள்ளிவைப்பிலும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருந்தது. கோத்தருக்கும் படகருக்கும் நடுவே இருந்த கணக்கு, விளைச்சலைப் பார்த்துக் காத்திருந்தது. இந்தக் கணக்கு யாரையும் பார்ப்பதில்லை.

கடன் வசூலில் மிரட்டலையும் அவமதிப்பையும் குற்றமாக்கித் தமிழகச் சட்டமன்றம் 2025-ல் ஒரு சட்டம் நிறைவேற்றியது. ஆள்மேல் விழுந்த பிடி மீண்டும் இறுகியிருக்கிறது என்பதை அரசே ஒப்புக்கொண்டதாக அதை நான் பார்க்கிறேன். வரவேற்க வேண்டிய சட்டம் அது. ஆனால் மிரட்டக் கூடாது என்பதோடு நின்றால் போதாது. மிரட்டத் தேவையில்லாத கடன் வேண்டும். வீட்டுச் சாமானுக்குக் கொடுத்த கடனுக்கு அந்தச் சாமான் மட்டுமே பிணை என்றும், கட்ட முடியாமல் போனால் அதைத் திருப்பிக் கொடுத்ததும் கடன் முடிந்தது என்றும், பாதிக்கு மேல் கட்டியவரிடமிருந்து நீதிமன்றத்தைக் கேளாமல் எடுக்கக் கூடாது என்றும் எழுதிவைத்தால் போதும். 1895-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி பியானோ எடுத்தவருக்கு இருந்த வழி அது. 1972-ல் நம் நாடாளுமன்றமே எழுதிவிட்டு மறந்த வழியும் அதுதான். அது திரும்ப வந்தால், மசினகுடியில் ஒரு வீட்டுக்கு இந்தத் தீபாவளிக்கு வரும் பீரோவின் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளும் பெண், தன்னையே அடகு வைத்துவிட்டோமோ என்ற பயமில்லாமல் விளக்கேற்றலாம்.